டோக்கன் நம்பரும் ஒரு சொட்டு சீரமும்

போன வாரம் ஓர் இளைஞர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். ரத்தம் கொடுக்க வந்தவர். கார்டில்தான் பிரிவு எழுதியிருக்கிறதே, மறுபடி எதற்கு ஊசி என்று கேட்டார். "எழுதியிருந்தா இருக்கட்டும், விரலை நீட்டுங்க" என்றேன். நான் பிடிவாதக்காரிதான். காரணம் இருக்கிறது...

பல வருஷங்களுக்கு முன் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். ஒரு நாள் காலை ஸ்கெலட்டன் குடியிருப்பிலிருந்து செல்வி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். சட்டென்று கிடைக்கிற ரத்தமா அது?

என்னிடம் ஒரு ரிஜிஸ்டர் இருந்தது. ஷிப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்த தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, உள்ளே இறங்க அவரவர் காட்டும் டோக்கனின் நம்பர் போட்டு, ரத்தப் பிரிவை நானே எழுதி வைத்தது. அதில் ஒரே ஒரு ஓ நெகட்டிவ் — ஏழுமலை. ஆள் அனுப்பினோம், ஓடி வந்தார்.

"ரிஜிஸ்டர்ல இருக்கே, எடுங்கம்மா!" என்று டாக்டர் பறந்தார். ஒரு நிமிஷம் சார் என்றேன்.

ஆன்டி-டி சீரம் சின்ன பாட்டிலில் வரும். சிவப்பணுவின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும். பிடித்தால் ரத்தம் திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாகும். அந்தப் புரதம் இல்லாதவர்தான் நெகட்டிவ்.

ஒரு சொட்டு விட்டதும் ஏழுமலையின் ரத்தம் திரிந்துவிட்டது. பாசிட்டிவ்!

"சீரம் கெட்டிருக்கும்" என்றார் டாக்டர். செல்வியின் ரத்தத்தில் விட்டேன். திரியவில்லை. என்னுடையதில் விட்டேன் — நான் பாசிட்டிவ் — திரிந்தது. சீரம் சரி. அப்படியென்றால் தப்பு ரிஜிஸ்டரில்... நான் எழுதிய ரிஜிஸ்டரில்!

ஏழுமலையைத் தனியே அழைத்தேன். "அன்னைக்கு விரல் நீட்டினது நீங்கதானா?"

தலை குனிந்துகொண்டார். "இல்லம்மா... எனுக்கு ஜொரம். என் டோக்கனை எட்த்துகினு மச்சான் கோவிந்தன் எறங்கனாரு. தெரிஞ்சா ரெண்டு பேரு வேலையும் பூடும்மா."

ஒருவர் டோக்கனில் இன்னொருவர் இறங்குவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

"வேலை போகாது, நான் பாத்துக்கறேன். கோவிந்தன் இப்ப எங்க?"

"ஷிப்டுல கீறாரும்மா. கீழ."

சுரங்க வாயிலில் இருக்கும் ஷாஃப்டு ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஏன், எதற்கு என்றார்கள். ரத்தம் வேண்டும், மேலே அனுப்புங்கள் — அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகமெல்லாம் தூசியோடு கேஜ் லிப்டில் ஏறி வந்தார் கோவிந்தன். அவர் ரத்தம் திரியவில்லை. செல்வி பிழைத்தாள். நான் லேப் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். யார் டோக்கனில் யார் இறங்கியது என்று பார்க்க வேண்டுமாம், ரிஜிஸ்டரைக் கேட்டார். கிழித்துப் போட்டாயிற்று, எல்லோருக்கும் புதிதாக டெஸ்ட் எடுக்கப்போகிறேன் என்றேன்.

மாமனும் மச்சானும் ரிடையர் ஆகிவிட்டார்கள், இனி சொல்லலாம். டைம் ஆபீஸ்காரர் கேட்டபோது அது பொய்தான் — அவர் படி இறங்குவதற்குள் உண்மையாக்கிவிட்டேன்!