எட்டு சொட்டு

நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இன்றைக்கும் படுகிறேன்.

காஹாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில். அதன் லேப்பில் சோதனை செய்வது நாங்கள் இரண்டே பேர். நான் பன்னிரண்டு வருடம். அவள் பெக்கோக்கிலிருந்து வந்து மூன்றே வருடம்.

எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. குடுவையில் எண்ணெயை எடுத்து, மேலே நிற்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் ரோஸ் நிறம் வந்து நின்றதும் குழாயை மூடி, எவ்வளவு இறங்கியது என்று எழுத வேண்டும். மருந்து கூட இறங்கினால் அமிலம் கூட என்று அர்த்தம். கண்ணை எடுத்தால் போச்சு.

முன்பெல்லாம் எனக்கு முடிந்தது. பிறகு கைப்பேசி கொடுத்தார்கள். வாட்ஸாப் குரூப் வந்தது. மேனேஜர் ஒரு கேள்வி போடுவார், பாய்லர்காரர் கட்டை விரலைக் காட்டுவார், எடைமேடைக்காரர் சாமி படம் அனுப்புவார். கைப்பேசி மேசையில் நடுங்கும்போதெல்லாம் என் கண் அங்கே ஓடும்.

அவள் கைப்பேசியும் அதே மேசையில்தான் நடுங்கும். திரும்ப மாட்டாள். சொட்டை நிறுத்தி, எழுதி, குடுவையைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் எடுப்பாள். வேண்டுமென்றே பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்திருக்கிறேன். ஒரு 'ம்' கூட வராது. திமிர் என்று எல்லோரிடமும் சொன்னேன். திமிர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

லேப் சூப்பர்வைசர் பணி ஓய்வு பெறுகிறார், அந்த இடம் எங்கள் இருவரில் ஒருவருக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்த சமயம். ஒரு நாள் காலையில் எண்ணெய் ஏற்றிய டேங்கர் லாரி என் ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு பாசிர் கூடாங் துறைமுகம் போகக் காத்து நின்றது. நான் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி நடுங்கியது. சூப்பர்வைசர் விஷயமோ என்று பார்த்தேன். யாரோ காரில் லைட்டை அணைக்காமல் போய்விட்டார்களாம். திரும்பினால் குடுவை செக்கச்செவேல் என்று இருந்தது.

மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆனால் எங்கள் லேப்பில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நிறம் தாண்டினால், எத்தனை சொட்டு கூடியிருக்கும் என்று குத்துமதிப்பாகக் கழித்து எழுதிவிடுவது. நான் எட்டு சொட்டு கழித்தேன். அமிலம் வரம்புக்குள் வந்துவிட்டது.

அவள் பார்த்துவிட்டாள். "அக்கா, கலர் தாண்டிருச்சு. திருப்பி செய்ங்க. டிரைவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நீ எப்ப சூப்பர்வைசர் ஆன? உன் வேலையப் பாரு லா."

"சரிக்கா." குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் டேங்கர் திரும்பி வந்தது. வாங்குபவர்கள் சோதித்தபோது அமிலம் வரம்பைத் தாண்டியிருந்தது.

"என்னம்மா இது? பன்னெண்டு வருஷம் செஞ்ச கைதானே?" என்றார் மேனேஜர்.

"மெசேஜ் வந்துகிட்டே இருந்தா எப்படி சார் வேல செய்றது? உடனே பதில் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அது பொய்யில்லை. அவரும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அந்தப் பொண்ணும் அதே குரூப்லதாம்மா இருக்கு," என்றார்.

நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு லேப்புக்குத் திரும்பினேன்.

நான் கழித்து எழுதியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. போட்டுக் கொடுத்திருந்தால் அவளைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

இடம் அவளுக்குப் போனது. குரூப்பில் எல்லோரும் வாழ்த்துப் போட்டார்கள். நானும் போட்டேன், கடைசியாக.

இப்போது என் ரிசல்ட் தாளில் அவள் கையெழுத்து வேண்டும். போன வாரம் கொண்டு போனேன். சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு சைன்," என்றேன். நிமிரவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி நின்றேன். ரோஸ் நிறம் வந்தது, நின்றது. குழாயை மூடினாள். நிறத்தில் ஏதாவது குறை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை.