எண்ணெய் கலக்காத திங்கட்கிழமை

கடலையும் கரையையும் ஒரே மூச்சில் படைத்து, இரண்டிற்கும் நடுவே மனிதனை நிறுத்திவைத்த பெருமானே, பிறையணிந்த பெம்மானே, சொல்ல வேண்டியதைச் சொல்லும் திடத்தை இந்த நாவுக்கும், கூட்டாமல் குறைக்காமல் எழுதும் நேர்மையை இந்தக் கைக்கும் அருள்வாயாக. இன்று கார்த்திகை மாதத்து முதற் சோமவாரம். விளக்கேற்றி வழிபட்டு, நல்ல வேளை பார்த்து எழுதத் தொடங்குகிறேன்.

ஊரில் இருக்கும் அன்பர்களே, எனக்கு முன்னும் பின்னும் கப்பலேறி வந்து இத்தீவுகளில் குடியமர்ந்தவர்களே, போர்ட் பிளேயருக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. இங்கே புல்லை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். தாமிரபரணிக் கரையில் நான் பிறந்த ஊரில், புல் என்பது மாட்டின் பசி. அரிவாளோடு போய் வரப்பில் குனிந்து அறுத்துக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவது. இங்கோ, மேட்டின்மேல் உள்ள சர்க்கார் பங்களாவின் முன் பசும்பட்டு விரித்தாற்போல் ஒரு புல்வெளி. எட்டு மாதம் விடாமல் பெய்யும் மழையில் அது நேற்று வெட்டியது இன்று தெரியாதபடி வளரும். அதை மிஷினால் சீராக வெட்டி, வெட்டியதைக் கூடையில் வாரிக் கடலை நோக்கிய சரிவில் கொட்டுவதே எனக்கு வாய்த்த உத்தியோகம். முதல் கடிதத்தில் இதை எழுதியபோது, "உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? அங்கே பசுக்களே இல்லையா?" என்று தமையனார் பதில் எழுதினார்.

மிஷின்கள் இரண்டு. பெரியது பழையது, அதன் வயிற்றில் எண்ணெய்க்கென்று தனி இடம் உண்டு, வெறும் பெட்ரோல் ஊற்றினால் போதும். சிறியதுதான் டூ ஸ்ட்ரோக். அதற்கு எண்ணெய் வைக்கத் தனி இடம் கிடையாது. எரிய வேண்டிய பெட்ரோலோடு எண்ணெயும் கலந்தே உள்ளே போக வேண்டும். எரிந்துகொண்டே உள்ளுறுப்புகளுக்கு வழவழப்பையும் தர வேண்டும். இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று அதன் தகட்டில் பொறித்திருந்தது. எண்ணெய் மிகுந்தால் புகை கக்கி, பிளக்கில் கரி படிந்து நிற்கும். குறைந்தால் சூடேறும். அறவே இல்லாவிட்டால் சிறிது நேரம் மிக இனிமையாக ஓடிவிட்டு, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு ஒரேயடியாக நின்றுவிடும்.

எந்த எண்ணெய் என்பதே பெரிய விசாரணை. லாரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஸ்டோர் பாபு என் தலையில் கட்டப் பார்த்தார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர். நெற்றியில் நீறணிந்த எவரும் அவருக்குப் பண்டிதர்தான்.

"பண்டித்ஜி, தேல் தோ தேல் ஹை. மஷீன் கோ க்யா மாலூம்?"

எண்ணெய் எண்ணெய்தானே, மிஷினுக்கு என்ன தெரியப்போகிறது என்பது அவர் வாதம். "மஷீன் கோ சப் மாலூம், பாபு" என்று எனக்குத் தெரிந்த நாலு சொல் இந்தியில் சொன்னேன். அவர் சிரித்து, "மிஷினுக்கும் பூஜை போடுவீர்கள் போலிருக்கிறது" என்றார். உண்மையில் அப்படித்தான் நடந்துகொண்டேன். சீல் உடைக்காத புது எண்ணெய் அன்றி வேறெதையும் தொடமாட்டேன். பெட்ரோல் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் டிரம்களில் வரும். டிரம்மின் அடியில் துருவும் உப்புநீரும் தங்கியிருக்கும். ஆகவே மேலாக இறைத்து, மெல்லிய தோலில் வடிகட்டி, பாதிப் பெட்ரோலில் எண்ணெயை முதலில் ஊற்றிக் குலுக்கி, பிறகே மீதியைச் சேர்ப்பேன். ஒரு மாதத்திற்கு மேல் கலவையை வைத்திருக்க மாட்டேன். ஆசாரம் என்று என்னைக் கேலி செய்தார்கள். ஆசாரம்தான்.

அந்த ஆசாரத்தை நம்பித்தான் மிக்கேல் என்னிடம் வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து மின்னி பே என்னும் கடலோரக் குடியிருப்பில் வாழ்ந்த மீனவன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவனுடைய படகில் பொருத்தியிருந்த அவுட்போர்டு எஞ்சினும் டூ ஸ்ட்ரோக். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து வரும்போது தன் பெட்ரோல் கேனை, மிஷின்களோடு நானும் தங்கியிருந்த கொட்டகையில் வைத்துவிட்டுப் போவான். நான் வடிகட்டி, கலந்து, மூடிவைப்பேன். திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொள்வான்.

"அண்ணாச்சி கையால கலந்த பெட்ரோலு, என் எஞ்சினுக்கு தீர்த்தம் மாதிரிலா. வேற எவன் கலந்தாலும் இருமுது."

இந்தக் கடலில் என் ஊர்ப் பேச்சைப் பேசுகிறவன் அவன். அதற்காகவே அவன் கேனை என் மிஷினுக்கு முன்னால் கவனித்தேன்.

இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். என் தந்தையார் வழியில் வந்த விரதம் ஒன்று எனக்கு உண்டு. சோமவாரந்தோறும் பொழுது புலர்ந்ததிலிருந்து பூசை நிறைவேறும்வரை பதிகம் தவிர வேறு சொல் என் வாயிலிருந்து வராது. கப்பலில் கூட அதை விடவில்லை. அந்த ஞாயிறு மிக்கேலின் பெட்ரோலை வடிகட்டி வைத்தேன். எண்ணெய் டின்னைத் திறந்தால், மூடி நசுங்கி உள்ளே நீர் இறங்கியிருந்தது. வெண்ணெய்போல் திரிந்து கிடந்தது. அதை ஊற்ற மனம் வரவில்லை. பாபுவிடம் போய்ப் புது டின் வாங்கி வந்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. நெருப்பு விளக்கை வைத்துக்கொண்டு பெட்ரோலைத் திறக்கலாகாது. காலையில் பூசை முடித்துக் கலந்துகொள்ளலாம், மிக்கேல் வெயில் ஏறித்தானே வருவான் என்று கேனையும் டின்னையும் அருகருகே வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் சோமவாரம், அவன் வெள்ளென வந்துவிட்டான். நீரோட்டம் வாய்த்திருக்கிறது, மீன் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் கொட்டகையின் மறுகோடியில் விளக்கின்முன் அமர்ந்து பதிகம் ஓதிக்கொண்டிருந்தேன். அவன் கேனைத் தூக்கினான். நான் கையை உயர்த்தினேன். எண்ணெய் டின்னைச் சுட்டிக் காட்டினேன்.

"கலந்தாச்சுல்லா? சரி, சரி. நீங்க கும்பிடுங்க அண்ணாச்சி. பேசவச்சு பாவத்த என் தலையில ஏத்திராதீய!"

தலையை வேகமாக அசைத்தேன். அவன் அதற்குள் திரும்பிவிட்டான். 'நில்' என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் தொண்டை வரை வந்தது. இன்னும் இரண்டு பாடல்கள் இருந்தன. முடித்துக்கொண்டு டின்னோடு துறைக்கு ஓடினால் பிடித்துவிடலாம், அவன் வலை ஏற்ற நேரமாகும் என்று என் மனம் கணக்கிட்டது. விரதமும் கெடாது, அவனும் கெடமாட்டான். இரண்டு பாடல்களையும் பாடினேன். விரைந்துகூடப் பாடவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். கடைசிச் சொல்வரை இசை பிசகாமல் பாடினேன்.

துறைக்குப் போனபோது படகு முனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன், காற்று எதிராக இருந்தது. எஞ்சினின் ஒலி கேட்டது. மெல்லிய, தெளிந்த, இருமலற்ற ஒலி. வழக்கமாக அவன் படகுக்குப் பின்னால் நீலப்புகை ஒரு நூலாகக் கிடக்கும். அன்று படகு புகையில்லாமல் போயிற்று.

அங்கே வேறு எஞ்சின் படகு இல்லை. துடுப்புப் படகுக்காரர்களிடம் சொன்னேன். தேடிப் போனவர்கள் படகைக் காணாமல் திரும்பினார்கள். மாலையில் காற்று முறுகிற்று. சில நாட்கள் கழித்து, ஹேவ்லாக் தீவில் குடியேறியிருந்த வங்காளிகள் கரையோரம் ஒரு படகைக் கண்டு பிடித்துக் கட்டினார்கள். வலை இருந்தது. ஒரு துடுப்பு இருந்தது. மிக்கேல் இல்லை.

அந்த எஞ்சினை அவன் மனைவி பிலோமி, தன் தம்பி சூசையின் தோளில் ஏற்றி என்னிடமே கொண்டு வந்தாள். அவிழ்த்துப் பார்த்தேன். பிஸ்டன் எண்ணெய்ப் பசையே இல்லாமல் சிலிண்டரின் சுவரில் இழுபட்டு உருகி ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினாற்போல் நெடுகக் கோடுகள். எனக்கு அவற்றைப் படிக்கத் தெரியும்.

"கோவில்ல எல்லாரும் பேசுதாவ அண்ணாச்சி. அந்தாளு குடிச்சிட்டு எண்ண ஊத்த மறந்துட்டாருன்னு. நீங்கதான கலந்து குடுக்கது? அவரு மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லுங்க."

சூசை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சிலிண்டரைத் துணியால் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "பழைய எஞ்சினம்மா" என்றேன். அன்று செவ்வாய்க்கிழமை. எனக்கு எந்த விரதமும் இல்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் என் கைக்கு அளவு கெட்டது. சின்ன மிஷினுக்குக் கலக்கும்போது எண்ணெயை ஒரு பங்கு ஊற்றுவேன், போதுமோ என்று தோன்றும், இன்னும் ஊற்றுவேன். புல்வெளி முழுவதும் புகை மண்டும். பிளக் கரிபிடித்து நிற்கும். கழற்றித் தேய்த்து மாட்டி மறுபடியும் கூடுதலாகவே ஊற்றுவேன். பாபு மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார். புகை இருக்கும்வரை எனக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அது சற்று மெலிந்தாலும் அந்தத் தெளிந்த ஒலி மிஷினுக்குள்ளிருந்து கேட்கத் தொடங்கும். சோமவாரங்களில் பதிகம் ஓத அமர்ந்தால், சரியாக அந்த இரண்டு பாடல்களுக்குமுன் என் பின்னால் கேன் தரையிலிருந்து எழும் ஓசை கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். கேன் வைத்த இடத்தில் இருக்கும். திரும்பாமல் பாடி முடிக்க ஒரு வாரமும் என்னால் ஆகவில்லை.

பணி நிறைவு வந்தது. சென்னைக் கப்பலுக்கு இடம் கிடைத்தது. தமையனார் எனக்கென்று வீட்டில் மேற்கு அறையை வெள்ளையடித்து வைத்திருப்பதாக எழுதினார். பெட்டியை அடுக்கினேன், பூட்ட முடியவில்லை. கப்பலுக்கு முதல் நாள் காலை மின்னி பேக்குப் போனேன். பிலோமி வலை பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திரிந்த எண்ணெய், இருட்டிவிட்டது, விரதம், இரண்டு பாடல், செவ்வாய்க்கிழமை.

அவள் கையிலிருந்த வலைக்கண்ணைப் பிரித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"கத்தியிருக்கலாமே அண்ணாச்சி."

"இருக்கலாம்."

"ஒங்க சாமி ஒண்ணும் கோவிச்சிருக்காதே."

"கோவித்திருக்காது."

சூசை எழுந்து என்னை நோக்கி வந்தான். "கெழவன் செத்துப்போவாம்ல, விடு" என்றாள் அவள். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கெழம கோவிலுக்கு வந்து இத எல்லார் முன்னாலயும் சொல்லுவியளா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கப்பல் நடுக்கடலில் இருக்கும். சொல்லுவேன் என்றேன். கப்பல் நான் இல்லாமல் போயிற்று.

அந்த ஞாயிறு, பூசை முடிந்த கூட்டத்தின்முன், நீறணிந்த நெற்றியோடு நின்று சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை. யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "அப்ப மிக்கேல் பய குடிக்கல" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு வெளியே போனார். சிலிண்டரைச் சீர்செய்து புது பிஸ்டன் மாட்டிக் கொடுத்தேன். அடுத்து வந்த அமாவாசையன்று, நான் கலந்த பெட்ரோலில் ஓடிய அந்த எஞ்சினோடு, சூசையும் பிலோமியும் என்னை முனைக்கு அப்பால் அழைத்துப் போனார்கள். சூசை எஞ்சினை நிறுத்தினான். அவள் செபமாலையை எடுத்தாள். ஒவ்வொரு அமாவாசையும் கரையில் மேற்கு நோக்கி நின்று, இந்த நீர் எப்படியாவது என் ஆற்றுக்குப் போய்ச் சேரும் என்று நம்பி என் தந்தையாருக்கு எள்நீர் இறைப்பவன் நான். எள்ளும் நீரும் உள்ளங்கையில் எடுத்தேன்.

"எங்காளுக்கு எள்ளுத் தண்ணியெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. வாயத் தொறந்து பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. சத்தமா."

"மிக்கேலு!" என்று கூவினேன். "மிக்கேலு, நில்லு!"

படகு நீரோட்டத்தில் மெல்லத் திரும்பி, மின்னி பேயின் தென்னைகளுக்கு முகம் கொடுத்தது. என் கால்கள் அதோடு திரும்பின. என் முகம் மட்டும் பழக்கத்தால் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தது. எள் விரலிடுக்கில் நழுவி இறங்கியது. அது யாருக்கு என்று நான் சொல்லவில்லை.

இதை வாசிக்கும் அனைவரும், அக்கரையில் இருப்போரும் இக்கரையில் இருப்போரும், நீரில் போனவர் நீரிலிருந்து மீண்டுவரக் காண்பீர்களாக. உரிய வேளையில் உரிய சொல் உங்கள் நாவில் தங்காமல் வெளிப்படுவதாக. பெருமான் திருவருள் உங்கள் மனைகளில் நிறைவதாக.