புரதம் தேடி ஆரப்பாளையமும் சமயநல்லூரும்

பன்னிரண்டு வருஷமாக நான் கறி, மீன், முட்டை தொடுவதில்லை. என் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது, அவள் எழுந்து நடந்தால் மூன்றையும் விட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எழுந்து நடந்தாள். இன்றைக்கும் என்னைவிட வேகமாக நடக்கிறாள். பாலோ எனக்குச் செரிக்காது.

இந்தக் கார்த்திகைக் கடைசியில் அடிவயிறு புடைத்து வலித்தது. ஆரப்பாளையத்தில் ஒரு டாக்டர் குடலிறக்கம் என்றார். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், ஆனால் ரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் 2.9தான் இருக்கிறது, 3.5 வராமல் கத்தி வைத்தால் தையல் ஆறாது என்றார். முட்டை தின்னச் சொன்னார். முடியாது என்றேன். "அப்பப் பயறு நிறையச் சேத்துக்கிட்டு ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பினார்.

ஆறு வாரமும் தினம் இரண்டு வேளை கொள்ளு ரசம் குடித்தேன். ஒரு வேளை தவறவில்லை. அதன் பிறகு, தை மாத நடுவில் போய்வந்த ஒரு நாள் பயணம்தான் இது. என்னைப் போல மாமிசம் தின்னாமல் மதுரைப் பக்கம் வருகிறவர்களுக்கு உதவும். எனக்கு எழுபத்தோரு வயதாகிறது, எழுதப் படிக்கக் கற்று ஒன்றரை வருஷம்தான். மெதுவாக எழுதுகிறேன், நீங்கள் வேகமாகப் படித்துக்கொள்ளலாம்.

காலை 6.10க்கு டி. கல்லுப்பட்டியில் பஸ் ஏறினேன். திருமங்கலம் சுமார் இருபது கிலோமீட்டர், 35 நிமிஷம். அங்கிருந்து பெரியார் நிலையம் இன்னொரு ஐம்பது நிமிஷம். பெரியாரில் "ஆரப்பாளையம்" என்ற பலகையை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதே நேரம் பக்கத்தில் ஓர் அம்மாள், "ஐயா, இது ஆரப்பாளையம் போகுமா?" என்று கேட்டார். "போகும், ஏறுங்க" என்றேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் நான் கேட்ட கேள்வி அது. பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

9.15க்குப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். பதினோரு மணிக்குக் காகிதம் வந்தது. 3.0. யாரும் சொல்வதற்கு முன் நானே படித்துவிட்டேன். படிக்கத் தெரிந்தது அந்த ஒரு நிமிஷம் மட்டும் பிடிக்கவில்லை.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இன்னும் அஞ்சு வாரம் தாரேன். அதுக்குள்ள ஏறலைன்னா முட்டைதான். குடல் மாட்டிக்கிட்டா உசுருக்கே ஆபத்து, சொல்லிட்டேன்."

வெளியே வந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். குண்டானில் கறுப்புக் கொண்டைக்கடலை கொதித்தது.

"தாயி, அந்த வேகவச்ச தண்ணி ஒரு டம்ளர் குடு."

"தண்ணியா? சுண்டல் வேணாமா?"

"சத்து தண்ணியிலதானே இருக்கு? ஆறு வாரமா கொள்ளுத் தண்ணியத்தான் ரசம் வச்சுக் குடிக்கிறேன். டாக்டர் புரதம் ஏறலை, ஆபரேசன் பண்ண முடியாதுங்கிறாரு."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "தண்ணிய நீங்க குடிச்சிட்டா வெந்த கொள்ள யாரு திங்கிறது?"

"எங்க காளை."

சுண்டல் தின்றுகொண்டிருந்த ஆட்டோக்காரர் நிமிர்ந்தார். "ஜல்லிக்கட்டு வாடியில விடுற காளையா பெரியப்பா?"

"ஆமாப்பா. இந்தப் பொங்கலுக்கு ஒருத்தன் அது திமிலத் தொடல."

"எப்பிடித் தொடுவான்? ஒங்க ஆபரேசனுக்குச் சேர வேண்டியத அம்புட்டையும் அதுல்ல தின்னுருக்கு!"

"டாக்டர் ஆளு மாறி ஊசி குத்திட்டாருண்ணே," என்றார் சுண்டல்காரப் பெண் ஆட்டோக்காரரிடம். "காளைக்குக் குத்திப் பாத்திருந்தா பத்துக்கு மேல காட்டியிருக்கும்."

சிரித்தால் எனக்கு வலிக்கும். அடிவயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார்: "ரசத்துல மணம் வரும், ருசி வரும். புரதம் பயறுக்குள்ளயே கெடக்கும் ஐயா. மென்னு தின்னாத்தான் ஒடம்புல ஒட்டும்." ஒரு தட்டு இருபது ரூபாய். அங்கேயே இரண்டு தட்டு தின்றேன்.

சமயநல்லூரில் அவருடைய கொழுந்தன் செக்கு வைத்திருக்கிறார், நல்ல பயறும் நிலக்கடலையும் அங்கே கிடைக்கும் என்றார். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம், பத்து ரூபாய். நான் போனபோது செக்கில் கடலை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் புண்ணாக்கு.

"எண்ணெயில எம்புட்டுப் புரதம் இருக்கும்?" என்று செக்குக்காரரிடம் கேட்டேன்.

"ஒண்ணும் கெடையாது. எல்லாம் புண்ணாக்குக்குப் போயிரும்."

"அதுவும் எங்க காளைக்குத்தான் போகுது."

"அதுக்காக நீங்க புண்ணாக்குத் திங்க வேணாம்ணே. கடலையாவே தின்னுங்க!"

தவிடு, புண்ணாக்கு, வெந்த கொள்ளு. சத்துள்ளதையெல்லாம் தொட்டியில் கொட்டிவிட்டு வாசனையைக் குடித்து வாழ்ந்திருக்கிறேன். நிலக்கடலை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, மூன்றிலும் ஒவ்வொரு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஆறு மணிக்கு வீடு வந்து டாக்டர் சொன்னதைச் சொன்னதும் மனைவி, "எனக்காக வேண்டுனதுதான? நானே சொல்றேன், முட்டையத் தின்னுங்க" என்றாள்.

"நீ நடக்கிறத நிறுத்து, திங்கிறேன்" என்றேன்.

அன்றிலிருந்து காலையில் முளைகட்டிய பாசிப்பயறு, பதினோரு மணிக்கு அவித்த நிலக்கடலை, மதியம் சோற்றுக்கு மொச்சைக் குழம்பு, ராத்திரி தோசையோடு கொள்ளுத் துவையல். காளை இரண்டு நாள் காலித் தொட்டியை முட்டியது. அதற்கும் பாதி வைத்தோம்.

மாசியில் அதே பஸ், அதே பரிசோதனை. 3.6. மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் 3.6தான்.

"முட்டை தின்னீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார். காளை பங்குல கை வச்சேன்."

பங்குனியில் அறுவை சிகிச்சை நடந்தது.

பயணம் வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐம்பத்திரண்டு கிலோ எடையுள்ள எனக்கு, அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரதம் வேண்டும் என்றார் டாக்டர். நூறு கிராம் நிலக்கடலையில் இருபத்தைந்து, காய்ந்த கொள்ளில் இருபத்திரண்டு இருக்கும். மெஸ்ஸில் சாம்பாரை மேலாக ஊற்றினால், அடியில் கலக்கி ஊற்றச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். மொச்சை தை மாதத்தில் பச்சையாகக் கிடைக்கும், தவறவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தின்னுங்கள். ரசம் குடிக்கத் தடையில்லை, பயறையும் உங்கள் தட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். நன்றாக ஆறிவிட்டது என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கொடுத்த சொல்லுக்கு ஒரு தையல்கூடத் தேவைப்படவில்லை.