சுல்தான் கடையில் வாங்கிய ஐஸ்பெட்டி

ராமதாஸ் வீட்டு ஐஸ்பெட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றுபோனது. வெகுகாலம் உழைத்த பெட்டி; அவருடைய சொந்தக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. டத்தோ கிராமாட் ரோட்டில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்தவர் அவர். விசிறி, ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின் என்று அந்த வட்டாரத்துப் பாதி வீடுகளுக்கு அவர் கடைச் சாமான்தான் போயிற்று. பிறகு ஜனங்கள் கைப்பேசியில் வாங்கப் பழகினார்கள். கடைக்கு வந்து தொட்டுப் பார்த்து, விலை கேட்டு, படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. கடையை மூடிவிட்டு, தலை நரைத்த பிறகு, பத்து காவானில் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். தான் விற்க முடியாமல் போன அதே சாமான்களை அங்கே நாள் முழுக்க வண்டியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டி நின்றதும் மனைவி ஜெகதீஸ்வரி முதலில் எடுத்து வைத்தது மீனையல்ல, தன் இன்சுலின் மருந்தைத்தான். அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து தரையில் ஓடிய தண்ணீரைத் துடைத்தாள். மகள் தனுஜா பட்டர்வொர்த்தில் ஆபீஸ் வேலை பார்ப்பவள். சாப்பிட்டு முடிப்பதற்குள் கைப்பேசியில் ஒரு பெட்டியைத் தேடி எடுத்து, நாளைக்கே வந்துவிடும் என்று நீட்டினாள். ராமதாஸ் அதைப் பார்க்கக்கூட இல்லை. சுல்தான் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் இப்படி வாங்கித்தானே நம் கடை போயிற்று என்று அவர் கேட்டபோது தனுஜா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

முகம்மது சுல்தானின் கடை அதே கிராமாட் ரோட்டில், ராமதாஸின் பழைய கடைக்கு நான்கு வாசல் தள்ளி இருந்தது. ஒரு காலத்தில் இருவருக்கும் போட்டி உண்டு. இவரிடம் இல்லாத சாமானுக்கு ஆளை அவரிடம் அனுப்பும் வழக்கமும் உண்டு. ராமதாஸ் போனபோது கடையில் பாதி விளக்குதான் எரிந்தது. அலமாரிகள் காலி. ஓரமாக இரண்டு ஐஸ்பெட்டிகள் மட்டும் நின்றன. கட்டடத்தைத் தங்கும் விடுதியாக்கப் போகிறார்களாம், காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொன்ன சுல்தான், தனுஜா கைப்பேசியில் தேடிய பெட்டியைப் பற்றியும் கேட்டுக்கொண்டு, தன் பெட்டியை மட்டும் விற்க மாட்டேன் என்றார்.

"வேணாம் தம்பி. இந்தப் பெட்டி செஞ்ச கம்பெனிக்காரன் கடைய கட்டிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. கெட்டுப்போனா பாக்க ஆளு இல்ல. வர்ற மாசம் நானும் இங்க இருக்க மாட்டேன். மவ சொல்றதையே வாங்கு லா."

ராமதாஸ் பெட்டியின் கதவைத் திறந்து மூடினார். "என் கடைய மூடுறப்ப, ஒருத்தராச்சும் வந்து எதையாச்சும் வாங்க மாட்டாங்களான்னு வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தேன் அண்ணே. யாரும் வரல."

சுல்தான் தலையாட்டினார். துணியை எடுத்துப் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். சாயங்காலம் லோரியில் தானே கூட வந்து, சமையலறையில் நிறுத்தி, ஜெகதீஸ்வரி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ராமதாஸ் முகத்தில் ஒரு களை இருந்தது. அவரை அப்படிப் பார்த்து நாளாயிற்று என்று ஜெகதீஸ்வரி மகளிடம் சொன்னாள்.

பெட்டி நன்றாகவே குளிர்ந்தது. கொஞ்ச நாளில் தேவைக்கு மேலே குளிர்ந்தது. கீரை விறைத்தது; தயிர் கட்டியானது. எந்தப் பக்கம் திருகினாலும் குளிர் குறையவில்லை. ராமதாஸுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. "பழைய சரக்குன்னா சும்மாவா" என்று தனுஜாவின் காதில் விழும்படி சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து திரும்பிய இன்சுலின் மருந்து உள்தட்டில் பின்பக்கமாக இருந்தது. அது உறைந்து உறைந்து இளகியதை யாரும் கவனிக்கவில்லை.

ஜெகதீஸ்வரி வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் நாக்கு வறண்டது, கண் மங்கியது. காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்தது. வயசாகிறதல்லவா என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் துணி காயப்போடப் போனவள் அப்படியே சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று விசாரித்தாள். தனுஜா சொன்னதைக் கேட்டுவிட்டு, உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது, இத்தனை நாள் போட்டும் பலன் இருந்திருக்காது என்றாள். ராமதாஸ் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புண் உள்ளே பரவியிருந்ததால் வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தனுஜா கேட்காமலே கைப்பேசியில் ஒரு பெட்டிக்குச் சொன்னாள். கொண்டுவந்தவர்கள் பழையதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ராமதாஸ் கதவைப் பிடித்து வழிவிட்டார். பிறகு அவர் கிராமாட் ரோட்டுப் பக்கம் போனபோது சுல்தான் கடையைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தது.

ஜெகதீஸ்வரி வீட்டுக்கு வந்த வாரம் சுல்தான் கிள்ளானிலிருந்து போனில் கூப்பிட்டார். மகன் வீட்டில் இருக்கிறாராம். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் பொழுதே போகவில்லையாம். குரல் தளர்ந்திருந்தது.

"பெட்டி எப்படி தம்பி? கூலு பத்துதா?"

ராமதாஸ் மனைவியைப் பார்த்தார். அவள் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா ஓடுது அண்ணே."

"அல்ஹம்துலில்லாஹ். நான் கடைசியா வித்த பெட்டி அது. அதுக்கப்புறம் ஒரு ஆளும் வரல. வூட்டுல கேட்டதாச் சொல்லு."

ராமதாஸ் சொல்வதாகச் சொல்லி வைத்தார். கூப்பிட்டது யார் என்று ஜெகதீஸ்வரி கேட்கவில்லை. சோற்று டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, கிடங்கு வேன் வரும் நேரம் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.