அம்மாவின் காதில் விழுந்த ஃபோக்கஸ்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் பேச்சும் ஒன்றாகவே போயின. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு வரவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. தான் சொல்ல வேண்டியதும் தெரிந்தது. அதைச் சொல்ல வாயை எப்படி வைப்பது என்பதுதான் மறந்துபோயிருந்தது. தண்ணீர் கேட்க நினைத்தால் உதடுகள் எதையோ தேடி அலையும், ஒரு முனகல் வரும், பிறகு கோபம் வரும். பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, வருகிறவர்களிடம் தமிழும் மலையாளமுமாக நாள் முழுக்கப் பேசியே ஓய்வுபெற்றவர்.

நெய்யாற்றின்கரையில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் எங்களிடம் சில அட்டைகளைக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஓர் ஒலியைச் சொல்கிற வாயின் படம். அதைப் பார்த்து அதேபோல் உதட்டை வைத்துப் பழக வேண்டும். படத்தில் இருந்தது யாரோ ஒரு வெளிநாட்டுக்காரியின் வாய், சிவப்புச் சாயத்தோடு. அப்பா ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் அதைச் சொன்னதும் அவள் யோசித்தாள்.

"அப்பம் வீட்டில உள்ள ஆருக்கெங்கிலும் வாய போட்டோ எடுத்து, பெரிசாட்டு ஒட்டுங்க சேச்சி. அறிஞ்ச மொகம்னா பாப்பாரு."

அன்றே கைபேசியில் அம்மாவை எடுத்துப் பார்த்தேன். வாய்க்குக் கிட்டே போனால் மூக்கு புடைத்து, உதடு வளைந்து, வேறு யாரோ போல ஆகிவிட்டாள். தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை. பல வருடங்களாக அலமாரியில் கிடந்த அதை வெளியே எடுத்தேன்.

அம்மா லேசில் சம்மதிக்கவில்லை.

"எனக்க வாயப் படம் எடுத்து சொவர்ல ஒட்டப் போறியா? ஆளுவ வந்தா என்ன நெனைப்பாவ?"

"அப்பா பேசாண்டாமா அம்மா?"

"அதுக்கு அவருக்க வாயயல்லா தொறக்கணும்!"

சொன்னாளே தவிர, சேலையை மாற்றிக்கொண்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

'ஆ', 'ஊ', உதடு மூடிய 'ம்'. ஒவ்வொரு தடவையும் கேமரா உதட்டின் மேல் குறி வைத்து, கிடைத்துவிட்டது என்று பீப் ஒலி எழுப்பியது. கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அம்மாவின் கம்மல் கல் பளிச்சென்று இருந்தது. காதோரத்து நரைமுடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். உதடு மட்டும் ஆவி படிந்த கண்ணாடியில் தெரிவதுபோல் கலங்கியிருந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் காதுதான். முன்பெல்லாம் தூரத்தில் நின்று கூட்டப் படங்களே எடுத்ததால் இந்தக் கோளாறு என் கண்ணில் பட்டதில்லை.

காதும் உதடும் சேர்ந்தே தெளிவாக விழட்டும் என்று லென்ஸின் துளையைச் சுருக்கினேன். மழைக்கால வெளிச்சம் போதாமல் படம் குலுங்கியது. ஃபிளாஷ் போட்டால் உதடு எண்ணெய் பூசியதுபோல் மின்னி, வாய்க்குள் வெறும் இருட்டு. கண்ணை வைத்துப் பார்ப்பதை விட்டு, பின்திரையில் பார்த்து எடுத்தால் மட்டும் ஃபோக்கஸ் சரியாக விழுந்தது. ஆனால் பழைய கேமரா. முன்னும் பின்னும் தேடி அது நிலைகொள்வதற்குள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும், வாயின் வடிவம் போய்விடும்.

நெய்யாற்றின்கரையில் கேமரா பழுதுபார்க்கிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பழைய மாடலாணு சேச்சி. பார்ட்ஸ் கிட்டாது. புதியது நோக்குந்நதாணு நல்லது."

புதிது வாங்கும் யோசனையே எனக்கு இல்லை. பின்திரையில் பார்த்தால் சரியாக எடுக்கிறது என்றால், லென்ஸில் குறையில்லை. கேமராவுக்குள் எங்கோதான் பார்வை பிசகியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று பேருந்திலேயே முடிவுசெய்துவிட்டேன்.

ஆய்வுக்கூடத்திலிருந்து மில்லிமீட்டர் கோடு போட்ட நீண்ட அளவுகோல் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். சாப்பாட்டு மேசையில் அதைச் சரிவாக நிறுத்தி, புத்தக அடுக்கின் மேல் கேமராவை வைத்து, நடுவிலிருந்த கோட்டைக் குறிவைத்து எடுத்தேன். அந்தக் கோடு மங்கல். அதற்குப் பின்னால் தள்ளியிருந்த எண்கள் தெளிவு. எத்தனை முறை எடுத்தாலும் பின்னால்தான், ஏறக்குறைய அதே தூரம். முன்னும் பின்னுமாக மாறி மாறி விழுந்திருந்தால் கைவிட்டிருப்பேன்.

இதே கேமரா வைத்திருந்த சிலர் இணையத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். லென்ஸைக் கழற்றினால் உள்ளே ஒரு ஆடி. அதன் பின்னால் இன்னொரு குட்டி ஆடி. ஃபோக்கஸ் பார்க்கிற பகுதிக்கு வெளிச்சத்தை அனுப்புவது அதுதான். அது வந்து நிற்கும் இடத்தை ஒரு சின்னத் திருகு தீர்மானிக்கிறது. பாறசாலையில் சைக்கிள் கடையில் அதற்குப் பொருந்துகிற மெல்லிய ஆலன் கீ கிடைத்தது.

ஒரு ஞாயிறு காலை, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுண்டுவிரலால் முன் ஆடியைத் தூக்கிப் பிடித்தேன். ஆடியில் ஒரு கீறல் விழுந்தாலும் கேமரா போனதுதான். மூச்சை அடக்கிக்கொண்டு திருகை ஒரு மயிரிழை திருப்பினேன். லென்ஸை மாட்டி எடுத்துப் பார்த்தால், ஃபோக்கஸ் இன்னும் பின்னால் போயிருந்தது.

"உள்ளதும் கெட்டுப் போச்சா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. எந்தப் பக்கம் திருப்பணும்னு இப்பம் தெரிஞ்சாச்சு."

கழற்றுவது, திருப்புவது, மாட்டுவது, எடுப்பது. ஒருமுறை அதிகமாகத் திருப்பி, ஃபோக்கஸ் கோட்டுக்கு முன்னால் வந்துவிட்டது. அதில் பாதியை எதிர்ப்பக்கம் திருப்பினேன். கழுத்து வலித்தது. அப்பா நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவே எழுந்து வந்து, நான் பார்க்க வசதியாக மேசைவிளக்கை இடது கையால் கிட்டே நகர்த்தி வைத்தார். மதியச் சோறு ஆறிப்போன பிறகு, குறிவைத்த கோடு கறுப்பாகத் தெளிந்து நின்றது. நம்பாமல் மறுபடி எடுத்தேன். அங்கேயேதான் நின்றது.

அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். உதட்டின் வரிகள் தெரிந்தன. 'ப'வுக்கு உதடு அழுந்துகிற இடத்தில் விழும் சின்ன மடிப்பு தெரிந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு அப்பாவின் நாற்காலிக்கு எதிரே ஒட்டினேன்.

முதல் சில வாரங்கள் காற்று மட்டும்தான் வந்தது. அவர் விடவில்லை. காலையில் காப்பி குடித்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். உதட்டை மூடுவார், இடது கையால் தொட்டுச் சரிபார்ப்பார், திறப்பார். நானும் எதிரே உட்கார்ந்து உதட்டை மூடித் திறப்பேன். ஒருநாள் 'பா' வந்தது. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் 'ஆ' படத்தின் பக்கத்தில் போய் நின்று, விரலால் ஓரிடத்தைக் காட்டினார்.

"ப... பல்லு."

அம்மாவின் கீழ்வரிசையில் ஒரு பல் முனை உடைந்திருந்தது. எனக்கு அதுவரை தெரியாது.

"இம்புடு தெளிவா எடுக்கச் சொன்னது ஆராக்கும்?" அம்மா என்னைத் திட்டினாள். அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது சின்னச் சின்ன வாக்கியங்கள் வருகின்றன. சில சொற்களுக்கு மலையாளம்தான் முதலில் எட்டுகிறது. 'போதும்' என்பதற்கு 'மதி' என்கிறார். எதில் வந்தாலும் சரி என்று விட்டுவிடுகிறோம். 'ழ'வும் 'ற'வும் இன்னும் வரவில்லை. 'ழ' சொல்லும்போது நாக்கு மடங்குவது நேராகப் பார்த்தால் தெரியாது. கேமராவைத் தாழ்த்தி, வாய்க்குள் டார்ச் அடித்துப் படமெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இருட்டில் கேமரா தடுமாறுகிறது. அதனால் லென்ஸைக் கையாலேயே திருப்பிக் குறி பார்க்கிறேன். சரியாக வர நேரம் எடுக்கிறது.

நேற்றும் அம்மா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். கழுத்து வலிக்கவே, "வேகம் எடு மக்கா, எனக்கு அடுக்களையில சோலி உண்டு" என்றாள்.

பின்னால் நாற்காலியிலிருந்து அப்பா அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டைச் சரியாக வைத்துச் சொன்னார்.

"பைய... எடு... மதி."