நான்கு மாதம் குறைவு

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பதினேழு வயதில் வந்தது. பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வேலை கிடைத்தது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறிப்பதே வேலை. வீட்டிலும் அதே புத்தி. தெருவில் குழாய் போட்ட நாள், மின்விளக்கு வந்த நாள், செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியதாகப் பேப்பரில் படித்த நாள் எல்லாம் என்னிடம் இருக்கும். தேதி தெரிய வேண்டும் என்றால் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பட்டாபிராமைத் தாண்டி, நெமிலிச்சேரிப் பக்கம் இருந்தது எங்கள் தெரு. இங்கே நான் எழுதப்போவது எண்பதுகளின் கடைசியில் தொடங்கித் தொண்ணூறுகளில் முடிந்தது. எந்த ஆண்டு என்று டைரியில் இருக்கிறது. வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் அந்தப் பெண்ணை அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

அவள் எதிர்வீட்டில் குடியிருந்தவள். ஓர் அறை, தகரக் கூரை. எக்ஸ்போர்ட் கம்பெனிச் சட்டைகளை மூட்டையாக வாங்கிவந்து நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பாள். இரண்டு பெண் குழந்தைகள், ஒரு வகுப்பு வித்தியாசம். புருஷன் லேத் பட்டறையில் இருந்தவன், விட்டுப் போய்விட்டான். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் மணியார்டரில் உதவித்தொகை தருகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் வெள்ளைத்தாளோடு என் வீட்டு வாசலில் நின்றாள்.

“அண்ணா, ஒரு மனு எழுதித் தரணும். அஞ்சு வருசம் ஆயிருக்கணுமாம். எனக்கு ஆயிடுச்சு.”

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பெரியவள் அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். நகரத்தில் ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண் கேட்கிறார்கள், அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று இவளுடைய அண்ணன் நெருக்கிக்கொண்டிருந்தான். மணியார்டர் வந்தால் பெரியவளை ஆறாவதில் சேர்ப்பது, வராவிட்டால் அனுப்பிவிடுவது என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தாள். அவள் சொன்னபடியே ‘ஐந்து ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்டு’ என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. ‘இரு பெண் மக்களைத் தனியொருத்தியாக வளர்த்து வரும்’ என்று ஒரு வரி சேர்த்ததும் நினைவிருக்கிறது.

வைகாசியில் தாலுகா அலுவலகத்து வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., விசாரணைக்கு வந்தார். நடுவயதுக்காரர், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த களைப்பு. மர நிழலில் நின்றே விசாரித்தார். முனையில் தையல் கடை வைத்திருந்த பாய், பூந்தமல்லியிலிருந்து வந்து குடியேறியவர், முதலில் சாட்சி சொன்னார்.

“அஞ்சுக்கு மேல கீது சார். அந்த ஆளு மூஞ்சியே மறந்துபூட்ச்சு. எங்கிட்ட தைக்கக் குடுத்த பேண்ட்டு மட்டும் இன்னும் தொங்கிக்கினு கீது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்.ஐ.யும் சிரித்தபடியே எழுதப்போனார். அப்போது அவளே என் வீட்டைக் காட்டினாள்.

“அந்த அண்ணாவைக் கேளுங்க சார். எல்லாத்தையும் நோட்ல எழுதி வச்சிருப்பாரு.”

என்னைக் கூப்பிட்டார்கள். ஆர்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். தோராயமாகச் சொன்னால் போதும், ஐந்து ஆகிவிட்டதுதானே என்றார். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டு நான் பேப்பர் படிக்கப் போயிருக்கலாம். ஒரு நிமிடம் இருங்கள் என்று உள்ளே போய், பெட்டியிலிருந்து பழைய டைரியை எடுத்துவந்து, பக்கத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. காலை 7.40. தூறல். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளில் தகரப் பெட்டியும் பாயும் கட்டிக்கொண்டு போனார். ‘வர்றேன் சார்’ என்றார்.

ஆர்.ஐ. விரல்விட்டு எண்ணினார். நான்கு ஆண்டு, எட்டு மாதம்.

“அதுக்கு முன்னாலயே…” என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

“இல்லம்மா, இங்க இருக்கு பாரு” என்று அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

அதிகாரி முன்னால் அதற்குமேல் எப்படிப் பேசுவாள்? அந்த வரியையும் அவளால் படிக்க முடியாது.

ஆர்.ஐ. பேனாவைத் திறந்தார். “நீங்க தேதியோட சொல்லிட்டீங்க சார். இனிமே நான் வேற மாதிரி எழுத முடியாது” என்றார். என்னிடமே கையெழுத்து வாங்கினார். போட்டேன், தேதியும் போட்டேன்.

வீட்டுக்குள் வந்தபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், “டைரில இருந்தா உடனே படிச்சுக் காட்டிடணுமா?” என்று மட்டும் கேட்டாள். உண்மையைத்தானே சொன்னேன் என்றேன். அவள் களைந்த தண்ணீரைக் கொட்டினாள்.

பத்து நாளில் மனு தள்ளுபடியான தகவல் வந்தது. எதிர்வீட்டுப் பெண் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் வாசித்துச் சொன்னேன்: கைவிடப்பட்ட காலம் ஐந்து ஆண்டுகள் பூர்த்தியாகவில்லை.

“எவ்ளோ கம்மி சார்?” என்றாள்.

அதுவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நான்கு மாதம் என்றேன்.

“அன்னிக்கு அந்த ஆளு பொட்டி எடுக்க வந்தான் சார். ஊட்ட உட்டுப் போனது அதுக்கு முந்தின கார்த்திகைல. நடுவுல ரெண்டு தபா வந்தான், சண்ட போட்டான், போயிட்டான். அரிசி வாங்கிப் போட்டானா, புள்ளைங்கள இன்னான்னு கேட்டானா? அவன் பொட்டி போன நாள நீங்க எழுதிகீறீங்க. அவன் போன நாளு எனக்குத்தான் தெரியும்.”

சத்தம் போடவில்லை. தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே பழைய டைரியை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். அதே ஆண்டு, தைப் பொங்கல் நாள். என் கையெழுத்தில் மூன்றே வரிகள். ‘எதிர்வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. வீட்டுக்காரர் வந்து இரண்டு மாதமாகிறதாம். குழந்தைகளுக்கு இங்கே சாப்பாடு.’ என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் குழந்தைகள் சாப்பிட்டிருக்கின்றன. நான் அதை எழுதியுமிருக்கிறேன். ஆர்.ஐ. கேட்டபோது ஒன்பது மாதப் பக்கங்களைப் பின்னால் புரட்ட எனக்குத் தோன்றவில்லை. பெட்டி கட்டிய சைக்கிளும் 7.40-ம்தான் எனக்கு நினைவில் நின்றிருக்கின்றன.

லீவு போட்டுவிட்டு டைரியோடு தாலுகா அலுவலகம் போனேன். ஆர்.ஐ. அந்தப் பக்கத்தைப் படித்தார். அறிக்கை மேலே போய் உத்தரவாகிவிட்டது, சாட்சி சொன்னவரே வந்து சாட்சியை மாற்றினால் நன்றாக இருக்காது, புரட்டாசி கழியட்டும், புதிதாக மனுப் போடுங்கள் என்றார். நான்கு மாதம்தானே என்றும் சொன்னார். ஆபீஸ் கணக்கில் அது சின்னக் காலம்தான். ஆனால் ஆனியில் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

திறந்தது. முதல் திங்கட்கிழமை காலையில் அவளுடைய அண்ணன் வந்து பெரியவளைக் கூட்டிக்கொண்டு போனான். ஒரு துணிப்பை. தலையைப் படிய வாரி ரிப்பன் கட்டியிருந்தாள். ஸ்டேஷன் பக்கம் திரும்பும்வரை சின்னவள் கூடவே ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள். நானும் ஆபீஸ் கிளம்பி அதே ரயிலுக்குத்தான் போகவேண்டும். அடுத்த ரயிலில் போனேன். டைம் ஆபீஸில் என் பெயருக்கு எதிரே முதல் முறையாக நானே தாமதம் என்று குறித்தேன்.

ஐப்பசியில் இரண்டாவது மனு எழுதினேன். மேலும் நாலு முறை தாலுகா அலுவலகம் போய்வந்தேன். பங்குனியில் ஒரு சனிக்கிழமை முதல் மணியார்டர் வந்தது. கைநாட்டு வைப்பவர்களுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். யாரைக் கூப்பிடலாம் என்று போஸ்ட்மேன் கேட்டதும், அவள் சொன்னது என் ஜன்னல்வரை கேட்டது.

“எதிர்வூட்டு சாரக் கூப்புடுங்க. தேதி அவருக்குத்தான் கரெக்டா தெரியும்.”

பாய் கடையில் யாரோ சிரித்தார்கள். நான் போய், அவளுடைய கட்டைவிரல் மைக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். பெரியவளை எப்போது கூட்டி வரப்போகிறாய் என்று கேட்டேன்.

“கேட்டேன் சார். அந்தப் பாப்பா இவ ஊட்னாதான் துன்னுதாம். வேற ஆளு கெடைக்கிற வரைக்கும் பொறுக்கச் சொல்றாங்க.”

அடுத்த ஆனியில்தான் பெரியவள் வந்தாள். உயர்ந்திருந்தாள், பேச்சு குறைந்திருந்தது. தலைமையாசிரியர் தடை சொல்லாமல் ஆறாவதில் சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டு சின்னவளும் ஆறாவதுக்கு வந்திருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. தங்கைக்குத் தெரிந்த கணக்கு அக்காவுக்கு மறந்திருந்தது. பெரியவளைப் பிள்ளைகள் ‘ஆயா’ என்று கூப்பிட்டார்கள்.

மாதாமாதம் மணியார்டர் வந்தது, மாதாமாதம் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி ஒரு மாதம் போனபோது, பள்ளிக்கூட நேரத்தில் பெரியவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு லீவா என்று கேட்டேன். அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். “அவ நின்னுட்டா சார்” என்றாள் அம்மா.

எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த மாதப் பக்கங்களைப் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை பெரியவள் தலைவலி என்று பள்ளிக்குப் போகவில்லை என்று இருக்கிறது. வியாழக்கிழமை போயிருக்கிறாள். அடுத்த வாரம் இரண்டு நாள் இல்லை. அதற்கடுத்த வாரம் ஒருநாள் போய்ப் பாதியில் திரும்பியிருக்கிறாள். பிறகு மழை என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவள் படிப்பை விட்ட நாள் எது என்று அந்தப் பக்கங்களைப் பலமுறை புரட்டியிருக்கிறேன். இன்றுவரை அதற்கு ஒரு தேதி போடவில்லை.