ஆண்கள் நுழையாத அறை

தொண்ணூறாம் ஆண்டு, எட்டு மாத வயிற்றோடு உடுவில் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். பழைய ஐரோப்பிய இராணிகள் சிலருடைய பேறுகாலம் பற்றி வாசித்து அதிர்ந்துபோய், அதை வகுப்பிலும் சொன்னேன். பிள்ளை பிறக்க ஒரு மாதம் முன்பே இராணியை அறைக்குள் விட்டு, ஜன்னல்களைச் சீலையால் மூடிவிடுவார்களாம். உள்ளே பெண்கள் மட்டும். அரசனே வந்தாலும் வாசலோடு சரி.

முன்வாங்கில் இருந்தவள் எழும்பினாள். "வெளியிலை சண்டை நடந்தால், ரீச்சர்?"

"அப்பவும் உவைக்கு வெட்கம்தான் பெரிசு" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மூன்று கிழமை கழித்து, நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்தில் பதுங்குவதற்கு வெட்டியிருந்த பங்கருக்குள் எனக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டது. ஷெல் விழுந்துகொண்டிருந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. உள்ளே அம்மா, என் கணவர், பக்கத்து வீட்டு அண்ணை, அவருடைய மனைவி. ஐந்து பிள்ளை பெற்ற அந்த அக்காதான் என் கால்மாட்டில் குந்தினார். ஆண்கள் இருவரும் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

"அவை பாக்கேல்லை. நீ முக்கு" என்றார் அக்கா.

என்னால் முடியவில்லை. அண்ணையின் முதுகு எட்டித் தொடும் தூரத்தில் இருந்தது. சொல்லவே கூசுகிறது, நோவை விட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

"ஆம்பிளையளை வெளியிலை போகச் சொல்லுங்கோ!"

"வேண்டாம் பிள்ளை" என்று அம்மா கெஞ்சினார். நான் இன்னும் பலமாகக் கத்தினேன். அண்ணை எழும்பிப் போனார். கணவரும் பின்னால் போனார்.

மகள் அழுததும் வாழைக்குள் ஷெல் விழுந்ததும் ஒன்றாகக் கேட்டன. கொஞ்ச நேரத்தில் கணவர் முகமெல்லாம் மண்ணோடு திரும்பி வந்தார். தனியாகத்தான் வந்தார்.

முப்பத்தோராம் நாள், என் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவும் செத்துப்போன அண்ணையின் அந்தியேட்டிச் சடங்கும் ஒரே நாளில் வந்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அங்கே அண்ணையின் தமையன் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "பங்கருக்குள்ளை இருந்தவன் ஏன் வெளியிலை வந்தவன்? ஆர் போகச் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். பிறகு குனிந்து பிள்ளையின் சீலையை இழுத்துவிட்டேன்.

"ஆரும் சொல்லேல்லை" என்றார் அக்கா. "அவர் தானாத்தான் போனவர்."

என் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.